நடுவரே தவறினால்...? கூடைப்பந்தில் ‘பிரீ த்ரோ’ படுத்தும் பாடு

1972-ம் ஆண்டு செப்டம்பர் மாதம். ஜெர்மனி நாட்டில் மியூனிச் நகரம். மணி நள்ளிரவைத் தாண்டிவிட்டது. ஆனாலும் அந்த அரங்கில் ஒருவர் கூட இருக்கையில் சாய்ந்து உட்காரவில்லை.

ஒலிம்பிக் கூடைப்பந்தின் இறுதிப் போட்டி. அமெரிக்காவுக்கும் ரஷியாவுக்கும் நேருக்கு நேர் மோதல். (சோவியத் யூனியன் என்ற பெரிய நாட்டைத்தான் அப்போது ரஷியா என்று சொல்வார்கள்.) ரஷியா 49 பாயிண்டு. அமெரிக்கா 48 பாயிண்டு. ஆட்டம் முடிய இன்னும் 3 விநாடிதான் பாக்கி!

அமெரிக்க அணியில் டக் காலின்ஸ் என்று ஒரு வாலிபர். வயது 21. அவர் பந்தைப் பறித்துக்கொண்டு கூடையை நோக்கிப் பாய்ந்தார். ரஷிய ஆட்டக்காரர் ஒருவர் அவர் மீது மோதினார். காலின்ஸ் உருண்டு போய் கூடைக் கம்பத்தின் அடியில் விழுந்தார். நடுவர் விசில் ஊதினார். காலின்சுக்கு 2 ‘பிரீ த்ரோ’ கிடைத்தது.

தலை சுற்றியபடியே எழுந்து வந்தார் காலின்ஸ். முதல் பந்தை எறிந்தார். கூடையில் விழுந்தது. 49-க்கு 49.

இரண்டாவது பந்தைக் கையில் எடுத்தார். எறியப் போகிறார். அந்த நேரத்தில் கணக்கு மேசையிலிருந்து ‘பாம்...’ என்று ஊதல் சத்தம் எழுந்தது!

எறிகிறவன் கையில் பந்து இருக்கும்போது அந்த ஊதல் ஒலிக்கவே கூடாது. யார் ஊதியது? எதற்காக ஊதியது? நடுவர் என்ன செய்ய வேண்டும்? எறிதலை நிறுத்த வேண்டுமா, கண்டுகொள்ளாமல் விட வேண்டுமா?

அன்று அந்த ஒரு நொடியில் நேர்ந்த குழப்பம் 50 ஆண்டு கழிந்தும் தீரவில்லை. அந்தக் கதையைப் பிறகு முழுவதும் சொல்கிறேன். அதற்கு முன்னால் இந்த ‘பிரீ த்ரோ’ என்றால் என்ன, அதில் நடுவர் தவறு செய்தால் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்துவிடுவோம். 2028-ம் ஆண்டு ஒலிம்பிக் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் என்று முடிவாகியிருக்கிறது. டெலிவிஷன் முன் உட்காருகிறவர்களுக்கு இது தெரிந்திருந்தால் ஆட்டம் இன்னும் சுவைக்கும்.

தடுக்க ஆள் இல்லாத எறிதல்

கூடைப்பந்தில் ஒருவரை ஒருவர் இடிக்கக் கூடாது, பிடித்து இழுக்கக் கூடாது. கையில் அடிக்கக் கூடாது. அப்படிச் செய்தால் அது ‘பவுல்’. கூடையில் எறியப் போகிறவனை இடித்துக் கெடுத்தால், அவனுக்கு நஷ்டஈடு கொடுக்க வேண்டும் அல்லவா? அந்த நஷ்டஈடுதான் ‘பிரீ த்ரோ’.

கூடைக்கு எதிரே 15 அடி தூரத்தில் ஒரு கோடு இருக்கிறது. அதன் பின்னால் அவன் நிற்பான். எதிரே 10 அடி உயரத்தில் கூடை. குறுக்கே ஒருவரும் வரக் கூடாது. நிதானமாக எறியலாம். விழுந்தால் ஒரு பாயிண்டு.

1891-ம் ஆண்டு டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்பீல்டு நகரில் ஜேம்ஸ் நைஸ்மித் என்ற உடற்பயிற்சி ஆசிரியர் இந்த ஆட்டத்தைக் கண்டுபிடித்தார். பீச் பழம் போட்டு வைக்கும் கூடைகளைத்தான் அவர் உயரத்தில் கட்டினார். பதின்மூன்றே விதிகள் எழுதினார். அந்த பதின்மூன்றில் பிரீ த்ரோ கிடையாது! ஓர் அணி தொடர்ந்து மூன்று பவுல் செய்தால் எதிரணிக்கு ஒரு கோல் என்று எழுதி வைத்தார். பிரீ த்ரோ அதற்குச் சில ஆண்டு கழித்துத்தான் வந்தது.

நைஸ்மித் வேலை பார்த்தது ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில். அந்தச் சங்கத்தின் வழியாகத்தான் ஆட்டம் நம் நாட்டுக்கும் வந்தது. 1920-ல் ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரியைத் தொடங்கினார். அங்கே படித்த டிரில் மாஸ்டர்கள் பந்தையும் விசிலையும் ஊர் ஊராக எடுத்துப் போனார்கள்.

யார் எறிவது?

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஆரம்ப காலத்தில் பவுல் யார் மீது நடந்தாலும் சரி, அணியில் நன்றாக எறியத் தெரிந்த ஒரே ஆள் வந்து எல்லா பிரீ த்ரோவையும் எறிவான். கல்யாண வீட்டில் பாட்டு என்றால் பாடத் தெரிந்தவரையே கூப்பிடுகிற மாதிரி! 1923-24 பருவத்தில் அமெரிக்காவில் அதை மாற்றினார்கள். யார் மீது பவுல் நடந்ததோ, அவன்தான் எறிய வேண்டும்.

இந்த மாற்றம் சின்னது அல்ல. அமெரிக்காவில் ஷாக்கீல் ஓநீல் என்று ஒரு மாபெரும் வீரர் இருந்தார். மலை போன்ற ஆள். ஆனால் பிரீ த்ரோ மட்டும் அவருக்குக் கைவராது. நூறு எறிந்தால் 53 விழுவதே கஷ்டம். ஸ்டீபன் கர்ரி என்ற வீரர் நூறு எறிந்தால் 90-க்கு மேல் விழும். ஓநீல் எறிய வேண்டிய இடத்தில் கர்ரி போன்ற ஒருவர் வந்து எறிந்துவிட்டால் என்ன ஆகும்? ஒரு பாயிண்டில் வெற்றி தோல்வி தீரும் ஆட்டத்தில் அது பெரிய மோசடி ஆகிவிடும். தெரிந்து செய்தாலும், தெரியாமல் நடந்தாலும் பலன் ஒன்றுதான்.

கோட்டில் நிற்பவன் செய்யும் தவறு

முதலில் ஆட்டக்காரர்கள் செய்யும் தவறைப் பார்ப்போம். இதில் நடுவருக்கு அதிகம் சிரமம் இல்லை.

எறிகிறவன் சர்வதேச விதிப்படி 5 விநாடிக்குள் எறிந்துவிட வேண்டும். அமெரிக்காவின் என்.பி.ஏ. பந்தயத்தில் 10 விநாடி தருகிறார்கள். எறிகிற மாதிரி பாவனை காட்டி எதிரிகளை ஏமாற்றக் கூடாது. பந்து கூடையைத் தொடும் வரை கோட்டை மிதிக்கக் கூடாது. மீறினால் விழுந்த பந்தும் கணக்கில் சேராது.

இரண்டு பக்கமும் வரிசையாக நிற்கும் மற்றவர்கள், பந்து அவன் கையை விட்டுப் போகும் முன்னால் உள்ளே ஓடக் கூடாது. ஓடினால்? பந்து கூடையில் விழுந்துவிட்டால் அந்த ஓட்டத்தை யாரும் பெரிதுபடுத்துவதில்லை. பாயிண்டு பாயிண்டுதான். விழாமல் போய், ஓடியது எதிரணி ஆளாக இருந்தால் மறுபடி ஒரு எறிதல் கிடைக்கும்.

2021-ம் ஆண்டில் இந்த 10 விநாடி விவகாரம் அமெரிக்காவில் பெரிய கூத்தாகிவிட்டது. கிரேக்க நாட்டு வீரர் யானிஸ் அன்டெடோகவும்போ கோட்டில் வந்து நின்றால் வெகுநேரம் எடுத்துக்கொள்வார். எதிரணி ஊர் ஜனங்கள் சும்மா இருப்பார்களா? “ஒன்று... இரண்டு... மூன்று...” என்று அரங்கமே சேர்ந்து எண்ண ஆரம்பித்தது. ஒரு முறை நடுவரும் அவர் 10 விநாடியைத் தாண்டிவிட்டதாக விசில் ஊதி எறிதலை ரத்து செய்தார். ஆனால் யானிஸ் அசரவில்லை. அந்த ஆண்டு ஜூலை 20-ந் தேதி நடந்த கடைசி ஆட்டத்தில் 19 பிரீ த்ரோவில் 17-ஐக் கூடையில் போட்டார். மொத்தம் 50 பாயிண்டு எடுத்து கோப்பையைத் தூக்கிக்கொண்டு போனார்!

நடுவர் செய்யும் தவறு

இனிமேல்தான் விஷயமே இருக்கிறது. ஆட்டக்காரன் தவறினால் நடுவர் விசில் ஊதுவார். நடுவரே தவறினால் யார் ஊதுவது?

“நடுவர் சொன்னால் சொன்னதுதான், பேசக் கூடாது” என்றுதான் நாம் பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். ஆனால் கூடைப்பந்துச் சட்டம் நடுவரைத் தெய்வமாக வைக்கவில்லை. அவரும் மனிதர், மறப்பார், எண்ணிக்கை தவறுவார் என்று ஒப்புக்கொண்டு, அதற்கென்றே தனியாக ஒரு பிரிவு எழுதி வைத்திருக்கிறது. உலகக் கூடைப்பந்து சங்கத்தின் விதிப் புத்தகத்தில் அது 44-வது பிரிவு.

திருத்தக்கூடிய தவறுகள் என்று நான்கை மட்டும் அது சொல்கிறது. பிரீ த்ரோ கொடுக்கக் கூடாத இடத்தில் கொடுத்தது ஒன்று. கொடுக்க வேண்டிய இடத்தில் கொடுக்காமல் விட்டது ஒன்று. எறிய வேண்டியவனை விட்டு வேறு ஒருவனை எறியவிட்டது மற்றொன்று. பாயிண்டைத் தவறாகச் சேர்த்தது அல்லது தவறாகக் கழித்தது நான்காவது. பாருங்கள், நான்கில் மூன்று பிரீ த்ரோ சம்பந்தப்பட்டது!

ஏன் இப்படி? காரணம் இருக்கிறது. பிரீ த்ரோவுக்கு முன்னால் ஒரே களேபரமாக இருக்கும். ஒருவன் கீழே கிடப்பான். பயிற்சியாளர் கத்துவார். மாற்று ஆட்டக்காரன் உள்ளே வருவான். அந்தச் சந்தடியில் நடுவர் எத்தனை எறிதல், யார் எறிவது என்று மேசைக்கு விரலால் காட்ட வேண்டும். மேசையில் இருப்பவர் அணிக்கு இது எத்தனையாவது பவுல் என்று பார்க்க வேண்டும். ஆட்டத்தின் ஒரு கால் பகுதிக்குள் ஓர் அணி நான்கு பவுல் வரை செய்யலாம். ஐந்தாவதிலிருந்து, எறியாமல் சும்மா ஓடிக்கொண்டிருந்தவனை இடித்தால் கூட எதிரணிக்கு 2 பிரீ த்ரோ உண்டு. அந்த ஐந்தாவதைக் காட்டத்தான் மேசையில் சிவப்பு அடையாளம் வைக்கிறார்கள். அதை வைக்க மறந்தால் அவ்வளவுதான்!

ஒரு தடவை ஒரு சின்ன ஊரில் விளக்கு வெளிச்சத்தில் நடந்த பந்தயத்தை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். மேசையில் இருந்தவருக்கு யாரோ டீ கொண்டுவந்து கொடுத்தார்கள். அவர் டம்ளரை வாங்கிய நேரத்தில் ஒரு பவுல் நடந்துவிட்டது. அடுத்த பவுல் நான்காவதா, ஐந்தாவதா? அவருக்கு ஒரு கணக்கு. ஜனங்களுக்கு ஒரு கணக்கு. நடுவர் கோபப்படவில்லை. மேசைக்கு வந்தார். தாளை வாங்கினார். விரல் வைத்து ஒவ்வொரு பவுலாக எண்ணினார். ஐந்து! “ரெண்டு ஷாட்” என்று இரண்டு விரலைத் தூக்கினார். கூட்டத்தில் பாதிப் பேர் கூச்சல் போட்டார்கள். அவர் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

எத்தனை நேரம் வரை திருத்தலாம்?

பாங்கியில் பணம் வாங்கும் இடத்தில், “ரூபாயை இங்கேயே எண்ணிப் பார்த்துக்கொள்ளவும்” என்று பலகை தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அங்கேயே நின்று எண்ணி, ஒரு நோட்டு குறைகிறது என்றால் பேசலாம். வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பி வந்து சொன்னால் யார் கேட்பார்கள்?

கூடைப்பந்து விதியும் அதே மாதிரிதான். தவறு நடந்தது. கடியாரம் மறுபடி ஓட ஆரம்பித்தது. அதன் பிறகு ஏதோ ஒரு காரணத்துக்காக ஆட்டம் முதல் முறையாக நிற்கும். அந்த முதல் நிறுத்தம்தான் கடைசி வாய்ப்பு. நிறுத்தம் முடிந்து பந்து மறுபடி ஆட்டத்துக்கு வருவதற்குள் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும். பந்து ஆட்டத்துக்கு வந்துவிட்டால் கதவு மூடிவிட்டது. பிறகு பயிற்சியாளர் தரையில் புரண்டாலும் நடக்காது.

ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். ராமன் மீது பவுல். ஆனால் கோட்டில் வந்து நின்றது கண்ணன். பந்து அவன் கையை விட்டுப் போகும் முன்னாலேயே நடுவர் கவனித்துவிட்டால் ஒன்றும் இல்லை. “நீ போ தம்பி” என்று கண்ணனை அனுப்பிவிட்டு ராமனைக் கூப்பிடுவார். தண்டனை கிடையாது. கண்ணன் எறிந்துவிட்டான், இரண்டும் விழுந்தும்விட்டது, கடியாரம் ஓடும் முன்னால் தெரிகிறது என்றால்? இரண்டு பாயிண்டும் ரத்து. ராமனுக்கும் எறிதல் கிடையாது. பந்து எதிரணிக்குப் போய்விடும். தவறு நடுவருடையது மட்டும் அல்ல, ஆளை மாற்றி நிறுத்திய அணியுடையதும்தான் என்பது இதில் உள்ள நியாயம்.

ராமனுக்கு நிஜமாகவே அடிபட்டு வெளியே போக வேண்டியிருந்தால், அவனுக்குப் பதிலாக உள்ளே வருகிறவன் எறியலாம். அதில் தவறில்லை.

கொடுக்க வேண்டிய பிரீ த்ரோவை மறந்துவிட்டு, பந்தை மட்டும் அந்த அணியிடம் கொடுத்துவிட்டார்கள் என்று வையுங்கள். அந்தப் பந்தை வைத்தே அவர்கள் கோல் போட்டுவிட்டால் தவறு அதோடு மறக்கப்படும். “உனக்குத்தான் லாபம் கிடைத்துவிட்டதே, இன்னும் என்ன?” என்கிறது சட்டம். கோல் போடவில்லை, பந்தும் எதிரணிக்குப் போகவில்லை என்றால், அந்த பிரீ த்ரோவை இப்போது எறியச் சொல்லி, அங்கிருந்து ஆட்டத்தைத் தொடர்வார்கள்.

தவறு நடந்த நேரத்துக்கும் கண்டுபிடித்த நேரத்துக்கும் நடுவே விழுந்த கோல், செய்த பவுல், ஓடிய நேரம் எல்லாம் அப்படியே நிற்கும். அதைத் தொடக் கூடாது. இது பலருக்குப் பிடிப்பதில்லை. “அடியே தப்பாக இருக்கும்போது மேல் மாடி எப்படிச் சரியாகும்?” என்று கேட்கிறார்கள். கேள்வி நியாயமாகத்தான் தோன்றுகிறது. ஆனால் எனக்கு விதியின் பக்கமே சரி என்று படுகிறது. கடியாரத்தைப் பின்னால் திருப்ப ஆரம்பித்தால் எங்கே போய் நிறுத்துவது? மியூனிச்சில் என்ன நடந்தது என்று பார்க்கத்தானே போகிறோம்!

ஸ்கோர் தாளில் கூட்டல் கழித்தல் தவறு இருந்தால் மட்டும் இந்தக் கட்டுப்பாடு இல்லை. தலைமை நடுவர் அந்தத் தாளில் கையெழுத்துப் போடும் வரை திருத்தலாம். கையெழுத்து விழுந்தால் முடிந்தது. இந்தக் கையெழுத்து விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கண் செய்யும் தவறு

மேலே சொன்னதெல்லாம் கணக்குத் தவறு, ஞாபகத் தவறு. கண் செய்யும் தவறு வேறு. இடித்தானா இல்லையா என்று நடுவர் பார்த்துத் தீர்மானிப்பது அவருடைய பார்வை. அதை 44-வது பிரிவு தொடுவதே இல்லை.

2019-ம் ஆண்டு ஏப்ரல் 6-ந் தேதி அமெரிக்கக் கல்லூரிப் பந்தயத்தின் அரை இறுதி ஆட்டம். வர்ஜீனியா அணியும் ஆபர்ன் அணியும் ஆடின. ஆபர்ன் 62, வர்ஜீனியா 60. வர்ஜீனியா ஆட்டக்காரர் ஒருவர் பந்தை ஒரு முறை கையில் பிடித்துவிட்டு மறுபடி தட்டிக்கொண்டு ஓடினார். அது குற்றம். நடுவர்கள் கண்ணில் அது படவில்லை. ஆட்டம் தொடர்ந்தது. 0.6 விநாடி இருக்கும்போது வர்ஜீனியாவின் கைல் கை மீது பவுல். அவருக்கு 3 பிரீ த்ரோ. மூன்றையும் போட்டார். 63-62 என்று வர்ஜீனியா வென்றது. பிறகு கோப்பையையும் வென்றது.

டெலிவிஷனில் அந்தக் குற்றத்தை நாடே பார்த்தது. நடுவர்கள் கூட படத்தைப் போட்டுப் பார்த்திருக்கலாமே என்பீர்கள். பார்க்க அனுமதி இல்லை! எதை எதைப் படத்தில் பார்க்கலாம் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. அந்தக் குற்றம் பட்டியலில் இல்லை. யார் எறிய வேண்டும் என்ற சந்தேகம் வந்தால் சர்வதேசப் பந்தயத்தில் படத்தைப் பார்க்கலாம். பந்தை இரண்டு தடவை தட்டினானா என்று பார்க்க முடியாது. விசித்திரமாக இல்லை?

2015-ம் ஆண்டு மார்ச் முதல் என்.பி.ஏ. நிர்வாகம் ஒரு புது வழக்கம் கொண்டுவந்தது. கடைசி 2 நிமிடம் நெருக்கமாக நடந்த ஆட்டம் என்றால், அந்த 2 நிமிடத்தில் நடுவர் செய்தது சரியா, தப்பா என்று மறுநாள் அறிக்கை வெளியிடுகிறார்கள். “இந்த இடத்தில் பவுல் கொடுத்தது தவறு” என்று அச்சில் வரும். ஆனால் முடிவு மாறாது. தோற்ற அணி அந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? நடுவர்கள் சங்கமும் இதை எதிர்த்தது. கடைசி 2 நிமிடத்தை மட்டும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பானேன் என்பது அவர்கள் கேள்வி. எனக்கு என்னவோ, தவறை மூடி மறைப்பதைவிட இது தேவலை என்றே தோன்றுகிறது.

மூன்று விநாடிக்காக நாலரை மாதம்

சட்டத்தையே நடுவர் தவறாகப் புரிந்துகொண்டால் மேல் முறையீடு உண்டு. அப்படி ஒரு வழக்கு 1982-ல் நடந்தது. அதுவும் பிரீ த்ரோ கோட்டில்தான்!

அந்த ஆண்டு நவம்பர் 30-ந் தேதி. சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் அணி 116. லாஸ் ஏஞ்சல்ஸ் லேக்கர்ஸ் அணி 114. பாக்கி 3 விநாடி. லேக்கர்ஸ் வீரர் நார்ம் நிக்சன் கோட்டில் நின்றார். எறிகிற மாதிரி கையை அசைத்தார். ஆனால் பந்தை விடவில்லை! இரண்டு அணியினரும் ஏமாந்து போய் உள்ளே ஓடிவிட்டார்கள். நடுவர்கள் நடுமைதானத்தில் பந்தை மேலே எறிந்து ‘ஜம்ப் பால்’ போட்டார்கள். லேக்கர்சுக்குப் பந்து கிடைத்தது. நிக்சனே கடைசி நொடியில் கோல் போட்டு சமன் செய்தார். இரண்டு தடவை கூடுதல் நேரம் ஆடி லேக்கர்ஸ் 137-132 என்று வென்றது.

ஸ்பர்ஸ் அணி புகார் கொடுத்தது. என்.பி.ஏ. தலைவர் லாரி ஓ’பிரையன் விசாரித்தார். அந்த இடத்தில் ஜம்ப் பால் போட்டது விதிக்கு விரோதம் என்று தீர்ப்பு சொன்னார். கூடுதல் நேர ஆட்டம் அத்தனையும் ரத்து! அந்த 3 விநாடியை மறுபடி ஆட வேண்டும்!

1983 ஏப்ரல் 13-ந் தேதி இரண்டு அணிகளும் வந்து அந்த 3 விநாடியை ஆடி முடித்தன. ஸ்பர்ஸ் 117-114 என்று வென்றது. மூன்று விநாடி ஆட நாலரை மாதம்! கேட்க வேடிக்கையாக இருக்கும். ஆனால் இதில் ஒருவரும் மைதானத்துக்குள் இறங்கி சத்தம் போட்டு முடிவை மாற்றவில்லை. புகார் எழுத்தில் போனது. தீர்ப்பு சொல்ல அதிகாரம் உள்ளவர் சொன்னார்.

மியூனிச்சில் அன்று...

இப்போது காலின்சிடம் திரும்புவோம். ஊதல் ஒலித்தது. காலின்ஸ் கவனம் சிதறவில்லை. எறிந்தார். விழுந்தது! அமெரிக்கா 50, ரஷியா 49. ஆட்டத்தில் அமெரிக்கா முன்னால் வந்தது அப்போதுதான் முதல் தடவை.

ஊதல் எதற்கு? ரஷியப் பயிற்சியாளர் கண்ட்ராஷின் ‘டைம் அவுட்’ கேட்டிருந்ததாக ரஷியர்கள் சொன்னார்கள். இரண்டு எறிதலுக்கும் நடுவே கொடுத்திருக்க வேண்டியது. செய்தி நடுவர்களை எட்டவில்லை. இரண்டாவது எறிதல் முடிந்த பிறகு அன்றைய விதிப்படி கேட்க முடியாது.

என்னைக் கேட்டால், தீர்க்க வேண்டிய இடம் அதுதான். ஊதல் கேட்டவுடன் நடுவர் காலின்சை நிறுத்தி, மேசைக்கு நடந்து போய், “எதற்கு ஊதினீர்கள்?” என்று கேட்டிருந்தால் அரை நிமிடத்தில் விஷயம் முடிந்திருக்கும். அந்தச் சின்ன ஊர் நடுவர் செய்த காரியம்தான். ஆனால் லட்சக்கணக்கானவர் பார்க்கும்போது, அந்த இரைச்சலில் அது யாருக்குத் தோன்றும் என்றும் சொல்ல வேண்டும்.

ரஷியர்கள் பந்தை உள்ளே போட்டார்கள். ரஷியப் பயிற்சியாளர்கள் மேசையிடம் ஓடிவந்து கூச்சல் போட, பிரேசில் நாட்டு நடுவர் ரெனட்டோ ரிகெட்டோ ஆட்டத்தை நிறுத்தினார். கடியாரத்தில் 1 விநாடி பாக்கி. அப்போது பார்வையாளர் பகுதியிலிருந்து ஒருவர் இறங்கி வந்தார். உலகக் கூடைப்பந்து சங்கத்தின் செயலாளர் வில்லியம் ஜோன்ஸ். மூன்று விரலைக் காட்டினார். “கடியாரத்தை 3 விநாடிக்குத் திருப்பி வையுங்கள்” என்றார். அப்படி உத்தரவிட அவருக்கு விதிப் புத்தகத்தில் அதிகாரம் கிடையாது. ஆனால் அவரை எதிர்த்துப் பேச அங்கே யாருக்குத் தைரியம் வரும்?

இரண்டாம் முறை பந்தை உள்ளே போட்டார்கள். கடியாரம் இன்னும் சரியாகத் திருப்பப்படவில்லை. அதற்குள் ஊதல் ஒலித்தது. ஆட்டம் முடிந்தது என்று அமெரிக்கர்கள் கட்டிப் பிடித்துக் குதித்தார்கள். ஜனங்கள் மைதானத்துக்குள் புகுந்துவிட்டார்கள். “இல்லை, இன்னும் முடியவில்லை. மறுபடி 3 விநாடி” என்றார்கள்!

மூன்றாம் முறை. இவான் எதெஷ்கோ ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் பந்தை வீசினார். கூடைக்கு அடியில் அலெக்சாண்டர் பெலோவ் எம்பிப் பிடித்தார். கூடையில் போட்டார். ரஷியா 51, அமெரிக்கா 50.

அதுவரை ஒலிம்பிக் கூடைப்பந்தில் அமெரிக்கா ஓர் ஆட்டம் கூடத் தோற்றதில்லை. தொடர்ந்து 63 வெற்றி. அன்று அது முடிந்தது.

அமெரிக்கா புகார் கொடுத்தது. ஐந்து பேர் கொண்ட குழு விசாரித்தது. ஹங்கேரி, போலந்து, கியூபா, இத்தாலி, போர்ட்டோரிகோ நாட்டவர்கள். மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் புகார் தள்ளப்பட்டதாகச் செய்தி வந்தது. ரஷியாவின் நேச நாட்டவர் மூன்று பேர் இருந்ததை அமெரிக்கர்கள் இன்றும் சுட்டிக்காட்டுகிறார்கள். ரஷியர்களுக்கும் ஒரு நியாயம் உண்டு. “நாங்கள் கேட்ட டைம் அவுட்டைக் கொடுத்திருந்தால் இத்தனையும் வந்திருக்காதே” என்பது அவர்கள் வாதம். அதையும் ஒரேயடியாகத் தள்ள முடியவில்லை.

நடுவர் ரிகெட்டோ என்ன செய்தார்? ஸ்கோர் தாளை அவர் முன்னால் வைத்தார்கள். அவர் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். நடந்தது ஆட்ட விதிக்கு வெளியே நடந்தது என்பது அவருடைய கட்சி.

அமெரிக்க வீரர்கள் 12 பேரும் பரிசளிப்புக்கு வரவில்லை. வெள்ளிப் பதக்கம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். 2022-ல் 50 ஆண்டு நிறைந்தபோதும் அவர்கள் அதை வாங்கிக்கொள்ளவில்லை. அணித் தலைவர் கென்னி டேவிஸ் ஒரு படி மேலே போனார். தனக்குப் பிறகு தன் மனைவியோ மக்களோ அந்தப் பதக்கத்தை வாங்கக் கூடாது என்று உயிலிலேயே எழுதி வைத்துவிட்டார்.